தூணிலிருந்து வந்த காற்று

திருவேங்கடத்தைப் பொறுத்தவரை காற்று என்பது தூணிலிருந்து வருவது. பொன்மலை ரயில்வே பட்டறையில் அவர் வேலை பார்த்த காலம் முழுக்க அப்படித்தான் வந்தது. தூணுக்குத் தூண் ஒரு குழாய், குழாய்க்கு ஒரு திருகு. ஹோஸை மாட்டித் திருகைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று. நட்டைக் கழற்றும் கன், துருவைத் தேய்க்கும் கிரைண்டர், பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே எல்லாமே அந்தக் காற்றில்தான் ஓடும். வேகனுக்கு அடியில் படுத்துக்கொண்டு அவர் நட் கன்னைப் பிடித்தால் கண் வேண்டாம், காது போதும். நட்டு போய் உட்கார்ந்த சத்தத்தை வைத்தே கையை எடுத்துவிடுவார். செக்‌ஷனில் அவருக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. அதைப் பற்றி அவர் வீட்டில் அளந்ததும் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பேர்ப்பட்ட மனிதர் ரிட்டயர் ஆனபின் சும்மா இருப்பாரா? இருந்துதான் பார்த்தார். ஸ்ரீரங்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றி மாட்டினார். தண்ணீர் மோட்டாரைக் கழற்றி மாட்டினார். நன்றாக அரைத்துக்கொண்டிருந்த மிக்சியையும் கழற்றி மாட்டினார். மிக்சி அன்றோடு சரி. அவருடைய மனைவி சகுந்தலா அன்று மத்தியானம் அம்மியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டே சொன்னார்: "ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வெளில போயி எதையாவது கழட்டுங்க."

சொல்ல வேண்டியதுதான் பாக்கி. திருவானைக்கோவிலில் மூடிக்கிடந்த ஒரு மாவு மில்லை வாடகைக்குப் பிடித்தார். மில் என்பதால் மூன்று ஃபேஸ் கரண்டு ஏற்கெனவே இருந்தது. பல வருஷத்து மிளகாய்த்தூள் சுவரிலேயே இருந்தது. வாசலில் போர்டு மாட்டினார். அதில் கடைப்பெயரைவிடப் பெரிய எழுத்தில் 'ரயில்வே அனுபவம்' என்று இருந்தது. வேன், மினி பஸ் சக்கர வேலைகள், பிரேக் வேலைகள் காற்றுக் கருவிகளால் துரிதமாகச் செய்து தரப்படும் என்பது அடுத்த வரி. நட் கன்னும் கிரைண்டரும் புதிதாக வாங்கியாயிற்று. காற்று மட்டும்தான் இன்னும் வாங்கவில்லை.

அதற்குள் வேலை வந்துவிட்டது. பாலக்கரையிலிருந்து ஹஃப்ஸா வந்தார். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நான்கு வேன்கள் அவருடையவை. கோடை லீவில் பள்ளி வேன்களையெல்லாம் அதிகாரிகள் வரிசையாக நிற்க வைத்துச் சோதிப்பார்கள். எஃப்சி என்று சொல்வோமே, அந்தச் சான்று கையில் இல்லாமல் பள்ளி திறந்த அன்று ஒரு வேனும் ரோட்டில் ஏற முடியாது. நான்கு வேனுக்கும் எல்லாச் சக்கரத்தையும் கழற்றி, பிரேக் பார்த்து, அடித்தட்டில் பிடித்த துருவைத் தேய்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும். கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்துவிட்டார்களாம்.

"வெள்ளிக்கிழமை காலைல நாலு வண்டியும் போய் நிக்கணும்ணே" என்றார் ஹஃப்ஸா. "நிக்கலேன்னா ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. எங்கிட்ட நாலு டிரைவருங்க இருக்காங்க. இதை நம்பித்தான் இருக்காங்க."

"ஏம்மா கவலைப்படறே? கையால ஸ்பேனர் போட்டுக் கழட்டறவன்தான் ஒரு வாரம் கேப்பான். நமக்கு எல்லாம் காத்து. வியாழக்கிழமை சாயங்காலம் வந்து நாலையும் ஓட்டிட்டுப் போ."

"இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு ஹஃப்ஸா நான்கு சாவியையும் அவர் கையில் வைத்தார். நான்கு சாவியும் சேர்ந்து கனத்தது அவருக்கு நன்றாக இருந்தது.

மறுநாளே கம்ப்ரஸர் வாங்கக் கடைக்குப் போனார். அங்கே இருந்த பையன் மரியாதையாகத்தான் கேட்டான்: "எத்தனை சிஎஃப்எம் வேணும் சார்? நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்து?"

திருவேங்கடத்துக்குத் திக்கென்றது. அவரை யாரும் இப்படிக் கேட்டதே கிடையாது. தூணும் கேட்டதில்லை. சமாளித்துக்கொண்டு, "தம்பி, நான் பொன்மலையில சர்வீஸ் பூராவும் ஏர் டூல்ஸ்லயே வேலை பாத்தவன்" என்றார்.

"அப்ப உங்களுக்கே எல்லாம் தெரியும் சார்" என்றான் அவன்.

போச்சு. அதற்குமேல் தெரியாது என்று வாயைத் திறக்க முடியுமா? மெதுவாகக் கடைக்குள் நடந்தார். மூலையில் ஒரு கம்ப்ரஸர் நின்றது. டாங்க் என்றால் டாங்க், அப்படியொரு டாங்க். அதன் முதுகில் மோட்டார் மட்டும் ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்ததும் அவருக்கு மனசு நிறைந்துவிட்டது.

"அது வேணாம் சார்" என்றான் பையன். "டாங்க்தான் பெரிசு. மோட்டார் ரெண்டு ஹெச்பி. பஞ்சர் கடைக்காரர் ஒருத்தர் கேட்டார்னு கட்டினது."

"டாங்க்ல இருக்கறதுதானப்பா வெளில வரும்?"

கேட்டவர் கேட்ட தோரணையில் பையன் எச்சிலை விழுங்கிக்கொண்டு பில் போட்டான். கம்ப்ரஸர் குட்டியானை வண்டியில் ஏறித் திருவானைக்கோவில் வந்து சேர்ந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. பக்கத்து டீக்கடைக்காரர், "எவ்ளோ பெரிசு சார்" என்று வாயைப் பிளந்தார். திருவேங்கடம் துண்டால் டாங்க்கைத் துடைத்தார். பெருமை தாங்க முடியாதபோது அவர் எதையாவது துடைப்பார்.

செவ்வாய்க்கிழமை காலையில் டாங்க்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சகுந்தலா கையால் சுவிட்சைப் போட வைத்தார். டாங்க் நிரம்ப வெகுநேரம் பிடித்தது. நிரம்பட்டும், யானைக்கு ஏற்ற தீனி வேண்டாமா என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு கடையைச் சுத்தம் செய்யலாமென்று காற்று ஹோஸைச் சுவர்ப்பக்கம் திருப்பித் திறந்தார். அவ்வளவுதான். சுவரில் இத்தனை வருஷமாக உறங்கிக்கொண்டிருந்த மிளகாய்த்தூள் மொத்தமும் எழுந்து வந்தது. சகுந்தலா தும்மினார், டீக்கடைக்காரர் தும்மினார், டீ குடிக்க வந்தவர்கள் தும்மினார்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் தும்மிக்கொண்டே பஸ் ஏறினார்கள்.

ஒருவழியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வேனின் முதல் சக்கரத்தில் கன்னை வைத்தார். டர்ரென்று ஒரு நட்டு, டர்ரென்று இன்னொரு நட்டு. சக்கரம் கையோடு வந்துவிட்டது. டீக்கடையில் கைதட்டினார்கள். இரண்டாவது சக்கரத்தில் கன்னின் குரல் இறங்கியது. கன் முக்கியது, முனகியது, நட்டு அசையவில்லை. சரி, டாங்க் மறுபடி நிரம்புவதற்குள் துருவைத் தேய்ப்போம் என்று கிரைண்டரை எடுத்தார். நட் கன்னுக்காவது நடுநடுவே ஓய்வு உண்டு, கிரைண்டருக்கு இடைவிடாமல் காற்று வேண்டும். அது ஒரு கையகலம் தேய்ப்பதற்குள் கறகறவென்று இழுத்து நின்றே போனது. கம்ப்ரஸரின் சின்ன மோட்டார் ஓடியது, ஓடியது, சூடாகி அதுவும் நின்றது.

சாயங்காலம் ஹஃப்ஸா வந்தபோது ஒரு வேன் ஜாக்கிமேல் ஏறி நின்றது. அதில் சக்கரங்கள் பாதி இருந்தன, பாதி இல்லை. திருவேங்கடம் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து டாங்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"காத்து வந்துரும்மா."

"எப்பண்ணே?"

ஹஃப்ஸா கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பெண் வேனைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "நாளைக்கு ராத்திரிக்குள்ள ஒரு வழி தெரியலேன்னா சொல்லிருங்கண்ணே, வேற எங்கயாச்சும் கால்ல கையில விழுந்து பாக்கறேன்" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போனார். திருவேங்கடத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வீட்டில் சோறு இறங்கவில்லை. சகுந்தலா ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்:

"பொன்மலையில மட்டும் எப்படிங்க காத்து நிக்காம வந்துச்சு?"

"தூண்லருந்து வரும்."

"தூணுக்கு எங்கருந்து வரும்?"

"குழாய்லருந்து."

"குழாய்க்கு?"

திருவேங்கடம் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். பட்டறையின் கடைக்கோடியில் ஒரு கட்டடம் இருந்தது. கம்ப்ரஸர் ஹவுஸ். எந்நேரமும் தடதடவென்று சத்தம். அத்தனை வருஷத்தில் அவர் அதன் வாசற்படியை மிதித்ததில்லை. மிதிக்க வேண்டியிருந்ததே இல்லை, ஏனென்றால் காற்று ஒரு நாளும் நின்றதில்லை.

"மூக்கன்னு ஒருத்தர் இருந்தார்" என்றார் கடைசியில்.

"யாரு, நீங்க 'காத்து வாங்கறவர்'னு பேர் வச்சீங்களே, அவரா? வேலையே இல்லாம உக்காந்தே சம்பளம் வாங்கறார்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே?"

இந்தப் பெண்களுக்கு இருக்கிற ஞாபகசக்தி இருக்கிறதே, அதை என்ன சொல்வது.

"அவர் இப்ப தொட்டியத்துல வாழை போட்டிருக்கார்னு கேள்வி" என்றார் திருவேங்கடம் தட்டைப் பார்த்துக்கொண்டு.

"காலைல போயிட்டு வாங்க. தொங்கப்போட்ட மூஞ்சியோட அந்தப் பொண்ணு முன்னாடி நிக்கறதுக்கு, மூக்கன் முன்னாடி நிக்கறது மேல்."

புதன்கிழமை விடிந்ததும் டோல்கேட்டில் பஸ் பிடித்தார். குணசீலம், முசிறி தாண்டும்வரைக்கும் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். விசாரித்துத் தோட்டத்தைக் கண்டுபிடித்தபோது மூக்கன் வாழைக்கு முட்டுக்கட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், தலையில் ஈரத்துண்டு. திருவேங்கடத்தைவிட இரண்டு வயது மூத்தவர்.

"அட, வேங்கடமா? வாங்க வாங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பாத்தீங்களா நம்ம கதைய? சர்வீஸ் பூராவும் காத்தைப் புடிச்சுப் புடிச்சு அடைச்சேன். இப்ப அது பழிவாங்குது, மரத்துக்கு மரம் முட்டுக் குடுக்கறேன்."

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. "அண்ணே, மாட்டிக்கிட்டேண்ணே" என்று ஆரம்பித்து, டாங்க், மிளகாய்த்தூள், ஹஃப்ஸா, வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். மிளகாய்த்தூள் இடத்தில் மூக்கன் சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சிரித்து முடித்ததும், "உங்க கிரைண்டர் நிமிஷத்துக்கு எவ்ளோ காத்து குடிக்கும்?" என்று கேட்டார்.

"தெரியாதுண்ணே. உங்களுக்குத் தெரியும்னுல்ல வந்தேன்?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் கிரைண்டரைக் கண்டனா, கன்னைக் கண்டனா? எனக்குத் தெரிஞ்சது மெஷினும், காத்து அழுத்தம் காட்டற கேஜ் ஊசியும்தான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சகுந்தலாவுக்கு ஃபோன் போட்டு, கடைக்குப் போய் கிரைண்டர் வந்த பெட்டியில் சிஎஃப்எம் என்று எழுதியிருக்கிற இடத்தில் என்ன நம்பர் என்று பார்க்கச் சொன்னார்கள். பதினேழு என்றார் சகுந்தலா. கம்ப்ரஸரின் மோட்டார் ரெண்டு ஹெச்பி என்று கேட்டதுமே மூக்கன் உதட்டைப் பிதுக்கினார்.

"அது அஞ்சு குடுத்தாலே பெரிசு. அஞ்சு வந்து பதினேழு போனா எங்கங்க நிக்கும்? டாங்க்னு ஒண்ணு சும்மா குடம் மாதிரி. குடம் எவ்ளோ பெரிசா இருந்து என்ன, குழாய்ல சொட்டுச் சொட்டா வந்தா? நீங்க குடத்தைப் பாத்து வாங்கிட்டீங்க."

"இப்ப என்னண்ணே பண்றது?"

"ஏழரை ஹெச்பி எடுங்க. மெஷின் உள்ள இழுக்கற காத்து வேற, வெளில தர்ற காத்து வேற. அட்டையில பெரிய நம்பரா போட்டிருக்கறது உள்ள இழுக்கறது. வெளில எவ்ளோ வரும்னு கேட்டு, அது பதினேழுக்கு மேல கொஞ்சம் மிச்சமா இருக்கான்னு பாருங்க. மெஷினும் மூச்சு விடணும்ல. அப்பறம் அந்த ஹோஸ், விரல் தண்டிக்கு வாங்கியிருப்பீங்களே, அதையும் பெரிசா மாத்துங்க."

சொல்லிவிட்டு மூக்கன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சதுண்டு வேங்கடம். காலைல ஷிப்டு ஆரம்பிச்சதும் கேஜ்ல ஊசி கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். நான் அடுத்த மெஷினைப் போட்டு ஏத்துவேன். மறுபடி எறங்கும். அந்தப் பக்கம் யாரோ என்னமோ பெரிய வேலை பண்றாங்கன்னு மட்டும் தெரியும். யாரு அதுன்னு தெரியாது."

திருவேங்கடம் வரப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அது நாங்கதாண்ணே" என்றார்.

"அப்படியா" என்றார் மூக்கன். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "இருங்க, சட்டைய மாத்திட்டு வரேன். கம்ப்ரஸர் கடைக்கு வந்து நானே கேக்கறேன்."

கடைப்பையன் நல்ல பிள்ளை. வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன பெரிய டாங்க்கைப் பார்த்ததும் திரும்ப எடுத்துக்கொண்டான். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மூக்கன் கேள்விமேல் கேள்வி கேட்டார். உள்ளே போகிற காற்றைப் பற்றி அவன் ஆரம்பித்தபோதெல்லாம் "வெளில வர்றதைச் சொல்லுங்க தம்பி" என்று நிறுத்தினார். கடைசியில் ஏழரை ஹெச்பி ஒன்று வண்டியில் ஏறியது. அதன் டாங்க் பழையதைவிடச் சின்னது. தெருவில் இறக்கியபோது டீக்கடைக்காரர், "என்ன சார், போயி சின்னதா வாங்கிட்டு வந்திருக்கீங்க?" என்று துக்கம் விசாரித்தார். திருவேங்கடம் அதையும் வாங்கிக்கொண்டார்.

சகுந்தலாவுக்கு மட்டும் ஒரு குறை. "ஏழரையா? ஊர்ல வேற நம்பரே இல்லையாங்க?" என்றவர், எதற்கும் இருக்கட்டுமென்று இரண்டு எலுமிச்சம்பழமாக நசுக்கினார்.

சுவிட்சைப் போட்டதும் அது உறுமிய உறுமலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திருவேங்கடம் கிரைண்டரை வேனின் அடித்தட்டில் வைத்தார். ஓடியது. ஒரு கையகலம், ஒரு முழம், ஒரு பக்கம் முழுக்க ஓடியது. நிற்கவேயில்லை. இத்தனை மாதமாக எங்கேயோ போயிருந்த அவருடைய கை திரும்பி வந்துவிட்டது. ஹஃப்ஸா அன்று பொழுது சாய வந்தவர் வாசலிலேயே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார். டீ சொல்லிவிட்டுப் போனார்.

மூக்கன் ஊருக்குத் திரும்பவில்லை, ஸ்ரீரங்கத்து வீட்டிலேயே தங்கிவிட்டார். வியாழன் முழுக்க அவருடைய இடம் கவிழ்த்த வாளிதான். கம்ப்ரஸர் பக்கம் திரும்பி, வேலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேஜைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஊசி இறங்கும்போது அவர் தலையும் லேசாக இறங்கும், ஏறும்போது ஏறும். நடுநடுவே டாங்க்குக்கு அடியிலுள்ள திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடிப்பார். ஒருதடவைகூட அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பழக்கம் அப்படி.

மறுநாள் நான்கு வேனும் எஃப்சியில் தேறிவிட்டன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் வழக்கம்போல அவற்றில் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். நான் சொல்ல நினைத்தது வியாழக்கிழமை சாயங்காலம் நடந்ததை.

கடைசி வேன், கடைசிச் சக்கரம். ஹஃப்ஸா டிரைவர்களோடு வந்து காத்திருந்தார். திருவேங்கடம் நட்டுகளைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கன்னை எடுத்தவர் அப்படியே நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் இங்க வாங்க."

"ஊசியப் பாக்கணும்ல?" என்றார் மூக்கன் திரும்பாமல்.

"அதை நான் பாக்கறேன். நீங்க இதைப் புடிங்க."

மூக்கன் முதலில் மாட்டேனென்றார். எனக்கு என்ன தெரியும், எதையாவது கெடுத்து வைப்பேன் என்றார். சகுந்தலா, "சும்மா புடிங்கண்ணே, இவரே புடிக்கறார்" என்றதும் எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, பச்சைப்பிள்ளையை வாங்குகிறமாதிரி இரண்டு கையாலும் கன்னை வாங்கினார். நட்டில் வைத்து விசையை அழுத்தினார். டர்ரென்றதும் பயந்துபோய் விட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த நட்டில் விடவில்லை. அதற்கடுத்ததில் காலை அகட்டி நின்றுகொண்டார்.

திருவேங்கடம் வாளிமேல் உட்கார்ந்து கேஜைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்தடவையாகப் பார்த்தார். டர்ரென்ற சத்தம் கேட்கும்போதெல்லாம் ஊசி லேசாகத் தாழ்ந்தது, மோட்டார் உறுமியது, ஊசி மறுபடி ஏறியது. பொன்மலையில் தான் விசையை அழுத்திய ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஒன்று தாழ்ந்திருக்கிறது, ஒருத்தர் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறார் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. மிளகாய்த்தூள் இன்னும் போகவில்லை என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"வேங்கடம்" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார் மூக்கன். "ஊசி எறங்குதா?"

"எறங்குதுண்ணே."

"நான்தான்" என்றார் மூக்கன்.

சொல்லிவிட்டு, இறுக்கிய நட்டையே கழற்றி மறுபடி இறுக்க ஆரம்பித்தார். டிரைவர்கள் ஹஃப்ஸாவைப் பார்த்தார்கள். ஹஃப்ஸா வாட்சைப் பார்த்துவிட்டு, "எஃப்சி நாளைக்குத்தான? மெதுவா போடுங்கண்ணே" என்று சொல்லி எல்லோருக்கும் இன்னொரு டீ சொன்னார்.